நிழலுக்கு வாடகை: வாட்டர் பார்க் கபானா பற்றிச் சில கணக்குகள்

கோடை விடுமுறை நெருங்கினால் அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும். "ஆர்லாண்டோ போறோம். வாட்டர் பார்க்ல கபானா எடுக்கலாமா, இல்ல வேஸ்டா?" ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் அவர்களுக்கு. எனக்கு அப்படிச் சொல்ல வராது. தொழில் அப்படி. யார் பயன்படுத்தப் போகிறார்கள், எத்தனை மணி நேரம், அது இல்லாவிட்டால் வேறு என்ன வழி என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் சொல்லப் பழகியிருக்கிறேன். அந்த மூன்று கேள்விகளையும் கபானாவிடம் கேட்டுப் பார்த்தபோது வந்த பதில்கள் நான் எதிர்பார்த்ததைவிட சுவாரசியமாக இருந்தன. அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் சொல். கபானா என்பது ஸ்பானிஷ். அதன் வேர் பிற்கால லத்தீனில் குடிசையைக் குறித்த ஒரு சொல். ஆங்கிலத்தின் 'கேபின்' அதே வேரிலிருந்து வந்த பங்காளி. குடிசை என்பதுதான் அடிப்படைப் பொருள், தமிழில் 'குடில்' என்று சொல்லலாம். 1930களிலேயே மயாமி பீச் ஹோட்டல்கள் கடற்கரையில் வரிசையாகக் கபானா போட்டுப் பணக்கார விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட்டன. ஏழையின் குடிசைப் பெயர் பணக்காரரின் திரைச்சீலைக் கூடாரத்துக்குப் போனது அப்படித்தான். வாட்டர் பார்க் என்ற சமாச்சாரம் அதற்கெல்லாம் ரொம்பப் பிந்தியது. சீவேர்ல்டு நிறுவனர்களில் ஒருவரான ஜார்ஜ் மில்லே 1977இல் ஆர்லாண்டோவில் திறந்த 'வெட் அண்ட் வைல்ட்'தான் இன்றைய வாட்டர் பார்க்குகளுக்கெல்லாம் முன்மாதிரி என்பார்கள். அது 2016 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் அதே யுனிவர்சல் நிறுவனம் 'வால்கனோ பே'யைத் திறந்தது. டிஸ்னியின் 'டைஃபூன் லகூன்' 1989, 'பிளிசர்ட் பீச்' 1995. இவை எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பெயரில் கபானா உண்டு.

காசு கொடுத்தால் என்ன கிடைக்கும்? பொதுவாக மூன்று பக்கம் மறைப்பும் கூரையும் உள்ள ஒரு சின்ன இடம், சாய்வு நாற்காலிகள், துண்டு, பொருள் வைக்க லாக்கர், தண்ணீர் பாட்டில், உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு கொண்டுவர ஒரு பணியாளர். சில இடங்களில் சின்ன ஃபிரிட்ஜ், மின்விசிறி. பெரும்பாலும் ஆறு பேர் கணக்கு. என்ன கிடைக்காது என்பது இன்னும் முக்கியம். நுழைவுச்சீட்டு இதில் கிடையாது, அதைத் தனியாக வாங்க வேண்டும். சறுக்கு வரிசையில் முன்னால் போகும் உரிமையும் இதில் வராது. அதற்கு வேறு பாஸ், வேறு விலை. இந்த இரண்டையும் தெரியாமல் புக் பண்ணிவிட்டு வாசலில் நின்று விழிப்பவர்கள் உண்டு. வாடகை நாளுக்கு நாள் மாறும். பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை என்றால் சில நூறு டாலர் போய்விடும். நான்கு பேர் குடும்பத்துக்கு நுழைவுச்சீட்டுக்கு ஆகும் செலவை அது எட்டிப்பிடிக்கும் நாட்களும் உண்டு.

கபானா 'வொர்த்' என்று வாதாடுபவர்கள் எல்லோரும் போடும் ஒரு கணக்கு இருக்கிறது. லாக்கர் வாடகை இவ்வளவு, துண்டு வாடகை ஆறு பேருக்கு இவ்வளவு, தண்ணீர் பாட்டில் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் பார்க் உள்ளே இன்ன விலை... எல்லாவற்றையும் கூட்டிக் கபானா விலையிலிருந்து கழித்தால் "உண்மையில் நமக்கு ஆனது இவ்வளவுதான்" என்று முடிப்பார்கள். இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. துண்டு வீட்டில் இருக்கிறது. டிஸ்னி வாட்டர் பார்க்குகளில் கண்ணாடிப் பாட்டிலும் மதுவும் இல்லாத வரைக்கும் நம் தண்ணீரையும் சாப்பாட்டையும் சின்ன கூலரில் கொண்டுபோகலாம். புளியோதரையைக் கட்டிக்கொண்டு போகும் வீட்டுக்குப் பன்னிரண்டு பாட்டில் தண்ணீரை பார்க் விலையில் மதிப்பிடுவது எந்த ஊர் நியாயம்? நான் வாங்கவே போகாத பொருளின் விலையை எனக்கு மிச்சம் என்று எழுதுவது ஆடித் தள்ளுபடிக் கணக்கு. ஐந்து சட்டை வாங்கி இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தேன் என்கிற மாதிரி.

அந்த உபரிகளைக் கழித்துவிட்டால் கபானாவில் மிஞ்சுவது இரண்டே சரக்கு. ஒன்று நிழல். மற்றொன்று பையை வைக்க ஒரு இடம். விமர்சனம் செய்வதானால் இந்த இரண்டையும்தான் செய்ய வேண்டும்.

நிழலை எடுத்துக்கொள்வோம். "குடை இலவசமா இருக்கே, அதுக்குக் கீழ உட்காரலாமே" என்பது எதிர்க்கட்சி வாதம். இதைச் சரிபார்க்கப் பள்ளிக்கூடத் திரிகோணமிதி போதும். ஆர்லாண்டோ இருப்பது சுமார் 28.5 டிகிரி வட அட்சரேகையில். ஜூன் மாதக் கடைசியில் அங்கே உச்சிப்பொழுதில் சூரியன் 85 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த உச்சிப்பொழுதே கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு வராது. கோடை நேரத் திருத்தமும் தீர்க்கரேகையும் சேர்ந்து அதை மதியம் ஏறக்குறைய 1.30க்குத் தள்ளிவிடும். அப்போது குடையின் நிழல் குடைக்குக் கீழேயே விழும், பிரச்சினை இல்லை. மூன்று மணி நேரம் கழித்து 4.30க்குச் சூரியன் ஏறத்தாழ 50 டிகிரி உயரத்துக்கு இறங்கி, நேர் மேற்கில் நிற்கும். ஏழு அடி உயரக் குடையின் நிழல் அப்போது ஆறு அடி கிழக்கே போய் விழும். அதாவது உங்கள் குடை நிழலில் பக்கத்து நாற்காலிக்காரர் படுத்திருப்பார். நீங்கள் வெயிலில் இருப்பீர்கள். நாற்காலியை நகர்த்தலாமே என்றால், கூட்ட நாளில் நகர்த்த இடம் இருக்காது.

கபானாவின் உண்மையான மதிப்பு கூரையில் இல்லை, பக்கத்து மறைப்பில் இருக்கிறது. சாய்ந்து வரும் வெயிலை அதுதான் தடுக்கும். ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. வாசல் மேற்கு பார்த்த கபானா என்றால், பிற்பகலில் வெயில் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே வாடகைக்கு, நாளின் மிக மோசமான இரண்டு மணி நேரத்தில் பாதி நிழல்தான். கிழக்கோ வடக்கோ பார்த்திருந்தால் முழு நிழல். வீடு வாங்கும்போது வாஸ்து பார்க்கிறவர்கள் இங்கே திசை பார்ப்பதில்லை!

நிழல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அமெரிக்க தேசிய வானிலை சேவையின் ஒரு குறிப்பு போதும். அவர்கள் சொல்லும் வெப்பக் குறியீடு நிழலில் இருப்பவருக்கானது. நேர் வெயிலில் நின்றால் அது 15 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடலாம். தண்ணீருக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு இது தெரியாது. கரையில் காத்திருப்பவருக்குத்தான் இந்த 15 டிகிரி. அதே சமயம் நிழல் என்றால் புற ஊதாக் கதிரிலிருந்து முழுப் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலர்ந்த கடற்கரை மணல் அந்தக் கதிரில் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. இந்த பார்க்குகள் எல்லாம் மணலைக் கொட்டி வைத்திருக்கின்றன. வானத்திலிருந்து சிதறி வருவது வேறு. கபானாவுக்குள் இருந்தாலும் சன்ஸ்கிரீன் பூசத்தான் வேண்டும்.

இனி பை. இதைப் பேசுவதற்கு ஒரு நாளின் பதிவை முன்வைக்கிறேன். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஆறு பேராகப் போய் ஒரு கபானா எடுத்தோம். எந்த பார்க் என்பது இங்கே தேவையில்லை. காலை 10 முதல் மாலை 5 வரை யார் எவ்வளவு நேரம் கபானாவுக்குள் இருந்தார்கள் என்று போனில் குறித்துக்கொண்டே இருந்தேன். ("லீவு நாள்லயும் டைம்ஷீட்டா?" என்று மனைவி கேட்டது பதிவில் இல்லை.) ஆறு பேர், ஏழு மணி நேரம். மொத்தம் 42 ஆள்-மணி. கபானாவில் செலவானது 12 மணி 45 நிமிடம். அம்மா ஐந்தரை மணி, அப்பா மூன்றரை, மனைவி ஒன்றரை, நான் ஒன்று, சின்னவள் முக்கால், பெரியவன் அரை. ஒரே குடும்பத்தின் ஒரே நாள், ஆகவே இதை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் உங்கள் வீட்டிலும் ஒரு முறை குறித்துப் பாருங்கள், வடிவம் பெரிதாக மாறாது என்று நினைக்கிறேன். ஆறு பேருக்கு என்று எடுக்கும் கபானாவில் பத்தில் ஏழு பங்கு நேரம் இரண்டு பேருடையது.

கணக்குக்கு வாடகையை 300 டாலர் என்று வைத்துக்கொண்டால், "ஆறு பேர், தலைக்கு 50 டாலர், பரவாயில்லையே" என்று தோன்றும். தலைக்கு வகுப்பதுதான் எல்லோரும் செய்வது. பயன்படுத்திய நேரத்தால் வகுத்தால் ஓர் ஆள்-மணிக்கு 23 டாலர் 50 சென்ட். பெரியவன் போட்ட பதினைந்து நிமிடத் தூக்கம் இரண்டுக்கும் சேர்த்து 12 டாலர் கொடுத்திருக்கிறோம். நானும் மனைவியும் பிள்ளைகளும் மட்டும் போயிருந்தால் அதே 300 டாலர் வெறும் மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு. ஆள்-மணிக்கு 80 டாலர்! தண்ணீரில் இறங்கத் துடிக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குக் கபானா என்பது ஈரத்துண்டு காயப்போடும் கொடி. அதுவும் விலை உயர்ந்த கொடி.

ஆனால் அம்மாவின் ஐந்தரை மணி நேரத்தை வெறும் பயன்பாடு என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. நம் வீடுகளில் எங்கே போனாலும் ஒரு வாக்கியம் உண்டு. "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கப்பா, நான் பையைப் பாத்துக்கறேன்." மெரினாவானாலும் குற்றாலமானாலும் ஆர்லாண்டோவானாலும் அதே வாக்கியம். சொல்பவர் பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் பாட்டி, சில வீடுகளில் மருமகள். குடும்பச் சுற்றுலா என்ற ஏற்பாடே ஒருவர் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்ற அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. கபானா இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. பைக்காவலருக்கு ஒரு நல்ல நாற்காலியும் விசிறியும் கொடுத்தது, அவ்வளவுதான். வெளியே சுடும் மணலில் உட்கார்வதற்கு அது எவ்வளவோ மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று மூன்று மணி வாக்கில் மனைவி எல்லோருடைய போன், பர்ஸ், பாஸ்போர்ட்டுகளையும் எடுத்து லாக்கரில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கையில் மாட்டிக்கொண்டார். "இனிமே இங்க பாத்துக்க ஒண்ணுமில்ல அத்தை, வாங்க." அதன் பிறகு அம்மா அலைக்குளத்தின் ஆழமில்லாத ஓரத்தில், முழங்கால் தண்ணீரில், சுடிதாரோடு முக்கால் மணி நேரம் நின்றார். அந்த முக்கால் மணி நேரத்தைக் கொடுத்தது லாக்கர். அது தனியாகவே வாடகைக்குக் கிடைக்கும், கபானா விலையில் ஒரு துளிதான்.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். நிழலும் பை வைக்கும் இடமும் ஏன் இவ்வளவு அரிதாக, விலைக்கு விற்கும் சரக்காக ஆயின? தண்ணீருக்குப் பக்கத்தில் நிழல் இருப்பது இயற்கைதானே? வாட்டர் பார்க்கில் பெரிய மரம் குறைவாக இருப்பதற்குப் பொறியியல் காரணங்கள் உண்டு. இலை விழுந்து வடிகட்டியை அடைக்கும், வேர் குளத்தின் சுவரை உடைக்கும், கிளை உயிர்காப்பாளரின் பார்வையை மறைக்கும். சரி. ஆனால் உட்காரும் இடங்களுக்கு மேலே மட்டும் துணிக்கூரை கட்டுவதற்கு இந்தத் தடை எதுவும் இல்லை. கம்பமும் துணியும் தொழில்நுட்ப அதிசயம் ஒன்றும் இல்லை, எல்லாப் பள்ளிக்கூட விளையாட்டுத் திடலிலும் இன்று இருக்கிறது.

1849இல் ஜூல் துப்பூயி என்ற பிரெஞ்சு எஞ்சினியர் இதே கேள்வியை ரயிலைப் பார்த்துக் கேட்டார். சாலையும் பாலமும் கட்டும் அரசுப் பொறியாளர். பொழுது போகாமல் பொருளாதாரம் எழுதி, அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவராகிவிட்டார். (என்னைப் போன்றவர்களுக்கு ஒரு நம்பிக்கை.) மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு ஏன் கூரை இல்லை, கூரை போட எத்தனை பணம் ஆகிவிடும் என்பது கேள்வி. அவருடைய விடையின் சாரம் இது: ஏழையை வதைப்பது கம்பெனியின் நோக்கம் இல்லை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். அடி விழுவது ஏழைக்கு, பயமுறுத்துவது வசதியானவரை. கீழ் வகுப்பின் கஷ்டம்தான் மேல் வகுப்பு டிக்கெட்டின் விளம்பரம். பிரிட்டனில் இதற்கு 1844இலேயே சட்டம் போட வேண்டியிருந்தது. மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்காத, வானிலையிலிருந்து மறைப்புள்ள பெட்டியோடு தினமும் ஒரு வண்டியாவது ஓட வேண்டும் என்று.

வாட்டர் பார்க் முதலாளி உட்கார்ந்து நிழலைத் திட்டமிட்டுப் பிடுங்கினார் என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் கபானா விற்கத் தொடங்கிய நாளிலிருந்து, இலவச நிழலை ஒரு கம்பம் கூட்டினாலும் தன் சரக்குக்கே போட்டியை வளர்ப்பதாகும் என்ற நிலை அவருக்கு வந்துவிடுகிறது. யாரும் சதி செய்ய வேண்டியதில்லை, பட்ஜெட் கூட்டத்தில் 'இந்த வருடம் இலவசக் கூரை' என்ற வரிக்கு யாரும் வாதாட மாட்டார்கள், அவ்வளவுதான். வால்கனோ பே 2017இல் திறந்தபோது கையில் கட்டும் ஒரு பட்டை கொடுத்தார்கள். சறுக்கின் வாசலில் தட்டினால் எப்போது திரும்பி வர வேண்டும் என்று சொல்லும், வரிசையில் நிற்க வேண்டாம். நல்ல ஏற்பாடு. ஆனால் வரிசையில் நிற்காத மனிதர் வேறெங்காவது இருந்துதானே ஆக வேண்டும்? அவர் மணலுக்கு வருகிறார், நாற்காலி தேடுகிறார், நிழல் தேடுகிறார். காத்திருப்பு ஒழியவில்லை, இடம் மாறியது. காத்திருக்கும் இடம் விற்பனைக்கு வந்தது.

இதற்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. கபானாக்காரர் கொடுக்கும் பணம்தான் மற்றவர்களின் நுழைவுச்சீட்டு விலையை ஏறாமல் பிடித்து வைக்கிறது என்பார்கள். வால்டர் ஓய் என்ற பொருளாதார அறிஞர் 1971இல் டிஸ்னிலாண்டை வைத்தே எழுதிய புகழ்பெற்ற கட்டுரை நுழைவுக் கட்டணம், ரைடுக் கட்டணம் இரண்டையும் எப்படிப் பிரித்து வைத்தால் முதலாளிக்கு அதிக லாபம் என்பதைப் பற்றியது. அன்று அங்கே ஒவ்வொரு ரைடுக்கும் தனிச்சீட்டு. 1982இல் அதை ஒழித்து, ஒரே சீட்டில் எல்லா ரைடும் என்று ஆக்கினார்கள். ஆட்டத்துக்குச் சீட்டு போய், நிழலுக்குச் சீட்டு வந்திருக்கிறது. கபானா வருமானத்தால் நுழைவு விலை குறைந்தது என்பதை நான் நம்ப வேண்டுமானால், கபானாக்கள் கூடிய இடங்களில் நுழைவுச்சீட்டு மலிவாகி இருக்க வேண்டும். ஆர்லாண்டோவில் நுழைவு விலை எந்தத் திசையில் போயிருக்கிறது என்று போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

வேறு மாதிரியும் நடத்த முடியும் என்பதற்கு அமெரிக்காவிலேயே உதாரணம் இருக்கிறது. இண்டியானா மாநிலத்தில் சான்டா கிளாஸ் என்று ஒரு சின்ன ஊர். பெயரே அதுதான். அங்கே இருக்கும் 'ஹாலிடே வேர்ல்டு' குடும்பத் தொழிலாக நடக்கும் பார்க், உள்ளேயே ஒரு வாட்டர் பார்க். 2000இலிருந்து குளிர்பானம் இலவசம். பார்க்கிங் இலவசம், சன்ஸ்கிரீன் இலவசம், மிதக்கும் டியூபும் இலவசம். டெக்சஸில் நியூ பிரான்ஃபெல்ஸ் நகரத்தில் 1979இல் தொடங்கிய 'ஷ்லிட்டர்பான்' ஆற்றங்கரையில், மர நிழலில் வளர்ந்த பார்க். வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு வந்து நாள் முழுக்க உட்காரலாம் என்பதே நெடுங்காலம் அதன் அடையாளம். இரண்டு இடங்களிலும் கபானாவும் உண்டு! அதுதான் எனக்கு முக்கியம். அங்கே கபானா ஒரு ஆடம்பரம், வேண்டியவர் எடுக்கலாம், எடுக்காதவருக்கு நாள் கெட்டுப்போகாது. நிழலையும் தண்ணீரையும் வழிப்போக்கருக்கு சும்மா கொடுப்பதைப் புண்ணியம் என்று நினைத்துச் சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் போடும் ஊரிலிருந்து வந்தவன் நான். ஆகவே எனக்குக் கொஞ்சம் சாய்வு இருக்கலாம். வாசகர்கள் அதைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

இன்னொரு விஷயம், யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இடி. புளோரிடாவின் இரண்டு கரைகளிலிருந்தும் கிளம்பும் கடற்காற்று கோடைப் பிற்பகல்களில் நடுநிலத்தில் வந்து மோதும். ஆர்லாண்டோ இருப்பது அந்த நடுவில். ஜூன் முதல் செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் இடிமழை என்பது அங்கே அன்றாடம் மாதிரி. மின்னல் வந்தால் குளங்களைக் காலி செய்வார்கள். கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம் என்பது தேசிய வானிலை சேவையின் அறிவுரை. அந்த நேரத்தில் "நமக்குத்தான் கபானா இருக்கே" என்று உள்ளே உட்கார்ந்துகொள்ளாதீர்கள். பக்கம் திறந்த பந்தல், கூடாரம், குடில் எதுவும் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை என்று அதே சேவை சொல்கிறது. சுவரும் கம்பியும் குழாயும் உள்ள முழுக் கட்டடத்துக்குப் போக வேண்டும், அல்லது காருக்கு. ஆக, ஜூலையில் ஏழு மணி நேர வாடகை கொடுத்தால் ஏழு மணி நேரமும் கையில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இடிக்கு நாள் பாழானால் வாடகை திரும்ப வருமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எடுக்கலாமா? குழுவில் தண்ணீரில் இறங்காத ஒருவர், அவர் விருப்பத்தால் இறங்காத ஒருவர், நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்காரப் போகிறார் என்றால் எடுக்கலாம். முழங்கால் வலி உள்ள அப்பா, மதியத் தூக்கம் தவறாத கைக்குழந்தை, பால் கொடுக்கும் தாய், கூட்டச் சத்தம் தாங்காத பிள்ளை. இவர்களுக்குக் கபானா சொகுசு இல்லை, இல்லாவிட்டால் அவர்களால் வரவே முடியாது. எங்கள் வீட்டில் அப்பாவின் இன்சுலின் ஒரு காரணம். திறந்த பேனாவை அறை வெப்பத்தில் வைக்கலாம் என்பதெல்லாம் சரி, ஆனால் அந்த அனுமதி பெரும்பாலும் 30 டிகிரி செல்சியஸ் வரைதான். ஆர்லாண்டோ ஜூலையில் அதைத் தாண்டும். ஃபிரிட்ஜ் உள்ள கபானா அந்தக் கவலையைத் தீர்த்தது. (மருந்து மட்டும்தான் பிரச்சினை என்றால் பார்க்கின் முதலுதவி அறையில் கேட்டுப் பாருங்கள். குளிரில் வைத்துத் தரும் இடங்கள் உண்டு, காசு கிடையாது.)

எல்லோரும் தண்ணீரில் இறங்குகிறவர்கள் என்றால் வேண்டாம். ஒரு லாக்கர், வீட்டுத் துண்டு, திறப்பதற்கு அரை மணி முன்னால் வாசலில் நிற்கும் பொறுமை. இது போதும். நாற்காலி பிடிக்கும்போது குடைக்குக் கீழே பிடிக்காமல், குடைக்குக் கிழக்கே ஆறு அடி தள்ளிப் பிடியுங்கள். பதினோரு மணிக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், நான்கரை மணிக்குப் புரியும். மரம், கட்டடம், செயற்கைப் பாறை ஏதாவது இருந்தால் அதன் கிழக்குப் பக்கம் இன்னும் நல்லது.

எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், கபானா எண்ணைத் தேர்ந்தெடுக்க விடுகிறார்களா என்று பாருங்கள். விட்டால் கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, அந்த எண்ணுள்ள கபானாவின் வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்டுபிடியுங்கள். மேற்கு என்றால் வேறு எண் கேளுங்கள். லாக்கர் சாவியை மட்டும் அம்மா கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவர் லாக்கருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்.